பிஸ்ட்ரோ மேசையில் நான்கு ஆசிரியர்கள்: கடை வைத்தவர்களின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சென்ற மாதம் எம்மோடு பல வருடம் படிப்பித்த ஒரு சிங்கள மிஸ் ஓய்வு பெற்றார். பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. வழமைபோல புரியாணிச் சவன் ஒன்றை எடுப்போம் என்றுதான் நாம் சொன்னோம். மிஸ்ஸின் மகள் விடவில்லை. கொழும்பில் பிரெஞ்சு பாணியில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை இருக்கிறது, "பிஸ்ட்ரோ" என்று பெயர், அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள் என்றார். நுகேகொடையில் இருந்து நால்வர் புறப்பட்டோம். இரண்டு சிங்களவர், ஒரு தமிழ் டீச்சர், ஒரு முஸ்லிம்.

உள்ளே ஏழெட்டு மேசை. சுவரில் ஒரு கரும்பலகை. அன்றைய சாப்பாடு என்னவென்று அதில் வெண்கட்டியால் எழுதியிருந்தது. கரும்பலகையைக் கண்டதும் நால்வருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கேயும் வந்து போர்டைப் பார்க்க வேண்டியிருக்கிறதே!

நாம் பெயர் தெரிந்த ஒன்றாக வெங்காய சூப் கேட்கப் பார்த்தோம். தமிழ் டீச்சர் மெல்லக் குனிந்து, "சேர், அதை விட்டிடுங்கோ. அண்ணா சொல்லுறவர், அதுக்குள்ள வைன் விடுவினமாம். மீன் எடுங்கோ, கேட்டுப்போட்டு எடுங்கோ" என்றார். அவருடைய அண்ணா பாரிஸில் ஒரு பிஸ்ட்ரோவில் குசினி வேலை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வெங்காய சூப்பைக் காய்ச்சுகிறவர். அதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு சிறிய சைவக் கடை இருந்தது. 1983க்குப் பிறகு இல்லை.

அந்த ஒரு வார்த்தையில் மேசை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அது எம்மை விடவில்லை. வெள்ளவத்தையில் கடையை இழந்த வீட்டுப் பிள்ளை பாரிஸில் பிஸ்ட்ரோவில் சமைக்கிறார். அந்தப் பிஸ்ட்ரோவைப் பார்த்துக் கொழும்பில் ஒரு கடை திறக்கிறார்கள். அதில் நாம் போய் உட்கார்ந்து என்ன சாப்பிடலாம் என்று அவருடைய தங்கையிடம் கேட்கிறோம். இதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கோப்பியில் இருந்து தொடங்குவோம். ஏனென்றால் பாரிஸின் கடைவாழ்க்கை கோப்பியில்தான் தொடங்கியது. அந்தக் கோப்பி எம்மவர்களிடம் இருந்து போனது.

15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருப்பதற்காகக் கோப்பி குடித்தார்கள். அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் போனது. 1511இல் மக்காவின் அதிகாரி ஒருவர் கோப்பிக்குத் தடை போட்டார். அந்தத் தடை நிலைக்கவில்லை. 1550களில் ஷாம் தேசத்தில் இருந்து வந்த இருவர் இஸ்தான்புல்லில் கோப்பிக் கடைகளைத் திறந்தார்கள். ஒருவர் ஹலப் நகரத்தவர், மற்றவர் டமஸ்கஸ்காரர். தலைநகருக்கு வெளியூரில் இருந்து வந்தவர்கள் என்பதைக் கவனத்தில் வையுங்கள். காழியும் கவிஞரும் கைத்தொழிலாளியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள். அது அரசுக்குப் பிடிக்கவில்லை. 1633இல் சுல்தான் நான்காம் முராத் கோப்பிக் கடைகளை மூடச் சொன்னார். காலம் போகக் கடைகள் திரும்பவும் திறந்தன.

1669இல் உஸ்மானியத் தூதர் சுலைமான் ஆகா பாரிஸுக்குப் போனார். வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்களுக்குக் கோப்பி கொடுத்தார். பாரிஸில் கோப்பி மோகம் அதோடு பரவியது. 1672இல் பஸ்கால் என்ற ஆர்மேனியர் அங்குள்ள ஒரு சந்தையில் கோப்பி விற்றார். 1686இல் சிசிலித் தீவில் இருந்து வந்த புரோக்கோப்பியோ என்பவர் ஒரு கோப்பிக் கடை திறந்தார். கபே புரோக்கோப் என்ற அந்தப் பெயர் பாரிஸில் இன்றும் இருக்கிறது. ஆர்மேனியரும் சிசிலிக்காரரும் பாரிஸுக்கு வெளியாட்கள்தான்.

"ரெஸ்டோரன்ட்" என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. முதலில் அது கடையின் பெயரல்ல. உடம்புக்குத் தெம்பு தரும் இறைச்சி சூப்பின் பெயர். சுகமில்லாதவர்களுக்கு நாம் கோழி சூப் வைத்துக் கொடுப்பது போல. 1760களில் பாரிஸில் அந்த சூப்பை விற்கும் கடைகள் வந்தன. தனி மேசை, விலைப்பட்டியல், விரும்பிய நேரம் வந்து விரும்பியதைக் கேட்கும் வசதி எல்லாம் அவற்றோடு வளர்ந்தன. சூப்பின் பெயர் கடைக்கு வந்துவிட்டது.

பிஸ்ட்ரோ அதைவிடச் சின்னது, எளியது. அந்தச் சொல்லைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1814இல் நெப்போலியனைத் தோற்கடித்து பாரிஸுக்குள் வந்த ரஷ்யச் சிப்பாய்கள் கடைக்காரரைப் பார்த்து "பிஸ்த்ரோ, பிஸ்த்ரோ", அதாவது கெதியா, கெதியா என்று கத்தினார்களாம். மொன்மார்த்தர் குன்றில் ஒரு கடையில் இதைப் பெயர்ப்பலகையாகவே அடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரெஞ்சு எழுத்தில் அந்தச் சொல் 1880களில்தான் தலைகாட்டுகிறது. எழுபது வருடம் ஒரு சொல் யாருடைய எழுத்திலும் வராமல் ஒளிந்திருக்குமா? மொழி ஆய்வாளர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை. சுவரில் அடித்துவிட்டால் அது வரலாறாகிவிடாது என்று எம் பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி சொல்வதற்கு இது நல்ல உதாரணம்.

பிஸ்ட்ரோவை உண்மையில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஒவெர்ன் என்ற மலைநாட்டு ஏழைகள். பிரான்ஸின் நடுப்பகுதியில் இருந்து 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி பாரிஸுக்கு வந்தார்கள். முதலில் மாடி வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் நிலக்கரியும் விற்றார்கள். கணவன் கரி மூட்டையோடு போக, மனைவி கடையில் நின்று வைன் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அதே அடுப்பில் ஒரு சட்டி கறியும் கொதித்தது. அவர்கள் பேச்சையும் கரி படிந்த முகத்தையும் பாரிஸ்காரர் கேலி செய்தார்கள். அவர்களுக்கு வைத்த "பூஞா" என்ற பட்டப்பெயரே கேலிப் பெயர்தான். 1871இல் அல்சாஸ் மாகாணம் ஜெர்மனியிடம் போனபோது அங்கிருந்து வந்தவர்கள் "பிரசரி" என்ற இன்னொரு வகைக் கடையை பாரிஸில் பரப்பினார்கள். 20ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதி முஸ்லிம்கள் வந்து பல சின்னக் கபேக்களை எடுத்து நடத்தினார்கள்.

பாரிஸ் அவர்களை எப்போதும் அன்பாக நடத்தவில்லை. 1961 ஒக்டோபரில், அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்த காலத்தில், அல்ஜீரிய முஸ்லிம்கள் நடத்தும் கடைகள் மாலை 7 மணிக்கு மூட வேண்டும் என்று பாரிஸ் பொலிஸ் தலைமை கட்டளையிட்டது. அவர்களுக்கு இரவில் வீதிக்கு வரவும் தடை. அதை எதிர்த்து ஒக்டோபர் 17ஆம் திகதி ஊர்வலம் வந்தவர்களில் பலரைப் பொலிஸார் கொன்றார்கள். உடல்கள் செய்ன் ஆற்றில் மிதந்தன. பிரெஞ்சு பிஸ்ட்ரோ என்று இன்று நாம் அழகாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கின்றன.

இப்போது எமது ஊருக்கு வருவோம்.

பிரெஞ்சுக்காரர் இலங்கையை ஆளவில்லை. 1672இல் திருகோணமலைக்கு ஒரு கடற்படை கொண்டு வந்தார்கள், ஒல்லாந்தர் விரட்டினார்கள். 1782இல் சுப்ரான் என்ற தளபதி திருகோணமலையை ஆங்கிலேயரிடம் இருந்து பிடித்தார், அதுவும் அதிக நாள் நிலைக்கவில்லை. ஆனால் அன்று எமது மேசையில் ஒரு வேடிக்கை நடந்தது. தட்டில் பாண் வந்தது. பிரெஞ்சில் பாணை "பேன்" என்கிறார்கள். எமது பாண் போர்த்துக்கேயர் தந்த சொல். இரண்டுக்கும் தாய் ஒரே இலத்தீன் சொல். எமது குசினியும் போர்த்துக்கேயம். பிரெஞ்சுக்காரரின் "குசின்" அதே வேரில் இருந்து வந்தது. மேசையும் போர்த்துக்கேயர் தந்ததுதான். பிரெஞ்சு தெரியாது என்று பயந்து போன நால்வருக்கு, பாதிச் சொல் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது!

கொழும்பில் வெளியே சாப்பிடும் பழக்கத்தை இரண்டு வழிகள் வளர்த்தன. மேல் வழி, கப்பல் வழி. கோல்பேஸ் ஹோட்டல் 1864இல் வந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கோட்டையில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் வந்தது. 1885இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி முடிந்ததும் கிழக்கே போகும் கப்பல்கள் எல்லாம் கொழும்பில் நின்றன. பிரெஞ்சுக் கப்பல் கம்பனியின் கப்பல்களும் அவற்றில் அடக்கம். உலகம் முழுவதும் அக்காலப் பெரிய ஹோட்டல்கள் பிரெஞ்சுச் சமையலைத்தான் உயர்வாக வைத்தன. அந்த மேசையில் எமது பாட்டன்மார் உட்காரவில்லை. தட்டு எடுத்துக் கொடுத்தார்கள், சிலர் சமைத்தார்கள்.

கீழ் வழி, கடை வழி. துறைமுகத்திலும் ரயிலிலும் புறக்கோட்டையிலும் உழைத்த ஆயிரக்கணக்கானோருக்கு யார் சாப்பாடு போட்டது? மலையாளிகளின் தேத்தண்ணிக் கடைகள். தென்னிந்தியாவில் இருந்து வந்தவர்களின் சைவக் கடைகள். கரையோரச் சோனகர் என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்களின் சோற்றுக் கடைகள். பிறகு யாழ்ப்பாணத்தவர், இலங்கைச் சோனகர், மலாயர், சீனர், காலிப் பக்கத்துச் சிங்கள முதலாளிமார். சிங்களத்தில் "கடே" என்பது எமது கடைதான். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொச்சிக்கடையின் பெயரைப் பாருங்கள், அதில் கொச்சியும் இருக்கிறது, கடையும் இருக்கிறது.

இங்கே "ஹோட்டல்" என்றால் தங்குமிடமல்ல, சாப்பாட்டுக் கடை. வெளிநாட்டுக்காரர் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். ஆனால் அந்தக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய ரோல்ஸ், ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்து வைத்து, எடுத்ததற்கு மட்டும் காசு கேட்கும் முறை, பிளேன்ரீ, கல்லாவில் இருக்கும் முதலாளி, தனியாக வந்தவர் இன்னொருவர் மேசையில் உட்காரும் பழக்கம், இவைதான் எமது பிஸ்ட்ரோ. வேறு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கடைகளின் கைப்பக்குவம் கடல் கடந்தும் போனது. 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் புஹாரி ஹோட்டலைத் திறந்த ஏ.எம். புஹாரி இளமையில் கொழும்பில் இருந்தவர்தான். சென்னைக்காரர் பெருமைப்படும் அந்தக் கடைக்குப் பின்னால் கொழும்பின் வாசனையும் இருக்கிறது.

நுகேகொடையைப் போன்ற இடங்களுக்கு இது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை வந்தது, ஸ்டேஷன் வந்தது. பிறகு ஹைலெவல் வீதி. ரயிலும் பஸ்ஸும் நிற்கும் இடத்தில் கடை முளைக்கும். வேலைக்குப் போகிறவர் காலையில் பாணும் பருப்பும் சாப்பிட வேண்டும் அல்லவா? இந்தப் பக்கம் கொஹுவளையிலும் தெஹிவளையிலும் எம்மவர்கள் இருந்ததால் அவர்கள் கடைகளும் வந்தன.

இனி, சொல்லக் கஷ்டமான பகுதி. கோபமூட்டுவதற்காக எழுதவில்லை. கடை வைத்தவர்களுக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை வரிசையாக ஒருமுறை பார்க்க வேண்டும்.

1915 மே மாத இறுதியில் கண்டிப் பக்கம் தொடங்கிய கலவரம் ஜூன் முதல் வாரத்துக்குள் கொழும்புக்கும் தெற்குக்கும் பரவியது. கரையோரச் சோனகரின் கடைகள் முதல் குறி. நான்காயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டதாக அக்கால அரசாங்கக் கணக்கு சொல்கிறது. ஆங்கிலேயர் ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் போட்டார்கள். அதன் பெயரில் சிங்கள மக்களும் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

1930களில் குறி மலையாளிகள். உலகப் பொருளாதார மந்தம், வேலை இல்லை. தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க மலையாளிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். அதற்கு முன் எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுசேர்த்து வேலைநிறுத்தம் நடத்திப் பெயர் எடுத்த அதே மனிதர். மலையாளியின் கடையில் தேத்தண்ணி குடிக்காதே என்பது அந்தக் காலத்து நாட்டுப்பற்றாகிவிட்டது. 1939இல் அரசாங்கம் தினக்கூலி இந்தியத் தொழிலாளரை வேலையில் இருந்து நிறுத்தத் தீர்மானித்தது. அது பற்றிப் பேச நேருவே கொழும்புக்கு வந்தார். காலப்போக்கில் மலையாளிகள் ஏறக்குறைய முழுமையாகப் போய்விட்டார்கள்.

1983 ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கியது. மறுநாள் புறக்கோட்டை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. காலி வீதி நெடுகத் தமிழரின் கடைகள் எரிந்தன. டீச்சரின் வீட்டுக் கடையும் அதில் ஒன்று.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம். ஐந்துசந்தி முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வடக்கில் இருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கடை, வீடு, சட்டி பானை எல்லாம் அங்கேயே. அவர்களில் பலர் புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்து வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கினார்கள்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை. முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சாப்பாட்டுக்குள் இருந்த ஒரு கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தார். அது மாவுக்கட்டி. அப்படி ஒரு மாத்திரையே உலகில் இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். ஆனால் வதந்தி போன வேகத்தில் சோதனை அறிக்கை போகவில்லை. சில நாளில் திகன எரிந்தது. 2019 ஏப்ரலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மற்ற இடங்களிலும் எம் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் செய்த கொடுமைக்குப் பிறகு, அந்தக் குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எத்தனையோ கடைகளின் கல்லா மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு சமூகமும் ஒரு முறையாவது பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் இருக்கிறது. மறுபக்கத்திலும் ஒரு முறையாவது எம் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறது. தம்முடைய வரியை மட்டும் வாசிக்கிறவர் வரலாறு வாசிக்கவில்லை.

இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடையை வெளியாட்கள் மட்டுமா உடைத்தார்கள்? உள்ளேயே சிலரைக் கடைக்குள் விடாமலும் வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க் கடைக்குள் உட்கார முடியாது. வெளியே நின்று போத்தலில் வாங்கிக் குடிக்க வேண்டும். 1957இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். சங்கானையிலும் நெல்லியடியிலும் அடிபட்டு, உயிர் கொடுத்துத்தான் ஒரு கோப்பைத் தேநீரை உள்ளே உட்கார்ந்து குடிக்கும் உரிமையைப் பெற்றார்கள். வெளியே சாப்பிடுவது பணக்காரரின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். காசு கொடுத்தவர் யாராயினும் உட்காரலாம் என்பது மனிதர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த நீதி. ஒரே சவனைச் சுற்றி உட்கார்ந்து, பணக்காரனும் ஏழையும் கை நனைக்கும் பழக்கம் உள்ள எமக்கு அதன் அருமை தெரிந்திருக்க வேண்டும்.

இனி பாரிஸுக்குத் திரும்புவோம். 1983க்குப் பின் போன தமிழரில் பலருக்குக் கிடைத்த முதல் வேலை உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுவது. பிறகு வெங்காயம் வெட்டுவது. பிறகு அடுப்பு. இன்று பாரிஸில் பல பிஸ்ட்ரோக்களின் குசினியில் எம் ஊர்த் தமிழ் கேட்கும். லாசப்பல் பகுதியில் அவர்களுடைய கடைத்தெருவே இருக்கிறது. 2015இல் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற "தீபன்" படத்தில் நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியும் கோப்பை கழுவியவர், சமையல் வேலை செய்தவர்.

2023இல் நடந்ததை எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பாரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த பகெட் பாணுக்கு ஒவ்வொரு வருடமும் போட்டி வைக்கிறார்கள். முந்தைய வருடம்தான் யுனெஸ்கோ அந்தப் பாணின் கைவினையை உலகப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருந்தது. 2023இல் முதற்பரிசு தர்ஷன் செல்வராஜாவுக்கு. 2006இல் இலங்கையில் இருந்து போன தமிழர். பரிசு 4,000 யூரோ. அதைவிடப் பெரியது, ஒரு வருடத்துக்கு பிரெஞ்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்கும் கௌரவம். இலங்கையில் பிறந்தவரின் பாணை பிரெஞ்சு ஜனாதிபதி சாப்பிட்டார். ஒவெர்ன்காரர், அல்சாஸ்காரர், கபிலியாக்காரர் என்று நீண்ட வரிசையில் இப்போது எம் நாட்டவரும் நிற்கிறார்கள்.

பெருமைதான். கூடவே ஒரு வலியும் இருக்கிறது. அந்தக் கைகள் வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் ஐந்துசந்தியிலும் நிம்மதியாக வேலை செய்ய விட்டிருந்தால் இந்த நாடு எவ்வளவு சாப்பிட்டிருக்கும்? கடை வைத்தவரைத் துரத்தும் ஊர், பிறகு அதே சாப்பாட்டை வேறு பெயரில், கூடிய விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறது.

இனி ஹலால் விடயம். இதை எழுதாவிட்டால் கீழே கேட்பீர்கள். பிரெஞ்சுச் சமையலில் வைன் பல கறிகளில் சேரும். கோழிக் கறியிலும் மாட்டுக் கறியிலும் சூப்பிலும் சேரும், பார்வைக்குத் தெரியாது. பன்றிக் கொழுப்பும் சேரலாம். ஆகவே கேட்க வேண்டும். அன்று நாம் கேட்டோம். பரிமாறிய பையன் சிங்களவர். முகம் சுளிக்காமல் குசினிக்குப் போய்க் கேட்டு வந்து, மீனை வைன் இல்லாமல் வேறு சட்டியில் தேசிக்காயும் வெண்ணெயும் போட்டுச் செய்து தருவதாகச் சொன்னார். தந்தார். நன்றாக இருந்தது.

2013 பெப்ரவரி 17ஆம் திகதி எமக்குப் பக்கத்து மஹரகமையில் மேடை போட்டு ஹலால் இலச்சினைக்கு எதிராகத் தீர்மானம் வாசித்தார்கள். பொது பல சேனாவின் கூட்டம் அது. அடுத்த மாதமே ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுச் சந்தையில் இலச்சினையை விட்டுக்கொடுக்க உடன்பட்டது. அந்த நாட்களில் ஹைலெவல் வீதிக் கடைகளில் "இது ஹலாலா?" என்று கேட்கவே எம் பெண்கள் கூச்சப்பட்டார்கள். சிலர் கேட்காமலேயே திரும்பி வந்தார்கள். அதே வீதிப் பக்கத்தவர்கள் நாம், பத்து வருடம் கழித்து ஒரு கடையில் சாதாரணமாகக் கேட்கிறோம், சாதாரணமாகப் பதில் வருகிறது. இது சின்ன விடயமல்ல. அதேநேரம் எம் பக்கத்திலும் ஒரு பண்பு வேண்டும். கேட்பதை மரியாதையாகக் கேட்போம். கூட வந்த சைவக்காரரும் பௌத்தரும் தமக்கு ஆகாததைக் கேட்கும்போது நாம் பொறுமையாக இருப்போம். எம் வீட்டு விருந்துக்கு வரும் மாட்டிறைச்சி சாப்பிடாத அயலவருக்குத் தனிச் சட்டியில் சமைப்போம். அந்தப் பையன் எமக்குச் செய்தது அதுதானே?

கடைசியில் தேத்தண்ணி இல்லை, கோப்பிதான் வந்தது. சின்னக் கோப்பையில், கசப்பாக. ஒரு காலத்தில் இலங்கை உலகின் பெரிய கோப்பி நாடுகளில் ஒன்று. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் பத்து இருபது வருடத்தில் தோட்டங்களை அழித்தது, அதன் பிறகுதான் தேயிலை ஆண்டது. யெமனில் இருந்து இஸ்தான்புல் போய், பாரிஸ் போய், சுற்றி வந்து நுகேகொடை ஆசிரியர்களின் மேசைக்கு வந்த கோப்பி. மிஸ் ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி கேட்டார். டீச்சர் கைபேசியில் மேசையைப் படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. வாசித்துச் சிரித்துவிட்டு எமக்குக் காட்டினார்: "பாண் காணாது, இன்னும் கேளுங்கோ. அங்க பாணுக்குக் காசு எடுக்கிறதில்லை எண்டா அதுதான் சரியான பிஸ்ட்ரோ."

கேட்டோம். பாண் வந்தது. காசு எடுக்கவில்லை.

அன்பானவர்களே, ஒரு வேண்டுகோள். நுகேகொடை, கொஹுவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் முன்பு இருந்து இப்போது இல்லாத சாப்பாட்டுக் கடைகளை உங்கள் வாப்பா, உம்மா, பாட்டன் பாட்டிமாரிடம் கேளுங்கள். யாருடைய கடை, எந்த மூலையில், என்ன ருசி, ஏன் மூடினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தமிழர் கடையோ, மலையாளி கடையோ, சிங்களவர் கடையோ, எமது கடையோ, எல்லாம் எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் அது வராது. கேட்பதற்கு ஆட்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எம் ஊரில் அடுப்பு எரியும் எல்லாக் கடைகளுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.